பரீட்சைக்குப் போன பிளசர்

சுல்தானா: கொஞ்சம் பேசாம வாயேம்மா. ஆலப்பாக்கத்துலேருந்து ஒரே பக்கத்தயே படிச்சிக்கிட்டு வர்றேன்.

மெகருன்னிசா: படி, படி. உன்ன யாரு புடிச்சிக்கிட்டா? பின் சீட்டு முழுக்க எம் மவளுக்குன்னுதான நான் முன்னால வந்து டிரைவர் தம்பி பக்கத்துல குந்தியிருக்கேன்.

சுல்தானா: நீ முன்னால இருக்க... உன் சத்தம் பின்னால வருதே.

உத்திராபதி: ஹஹ்... பாப்பா சரியாத்தான் கேக்குது. பரீட்ச எத்தினி மணிக்குங்கக்கா?

மெகருன்னிசா: பத்துக்கு. பி.யு.சி. இங்கிலீசு. போன தடவ பஸ்ஸு நடு ரோட்டுல படுத்துக்கிச்சு தம்பி. நாங்க சிதம்பரம் போயி சேர்றதுக்குள்ள கதவ சாத்திட்டாங்க. இந்தத் தடவையும் எழுதலன்னா...

சுல்தானா: அம்மா!

மெகருன்னிசா: எழுதலன்னா நிக்காஹ்தான்னு இவ பெரியத்தா மாப்ளையே பாத்து வச்சிட்டாரு. பினாங்குலேருந்து எங்க வூட்டுக்காரரு, இவ அத்தா, படிக்க வையி, படிக்க வையின்னு காயிதம் போடுறாரு. காயிதம் கப்பல்ல வரணும். பெரியத்தா அடுத்த தெருவுல இருக்காரு.

உத்திராபதி: கவலைய வுடுங்க. இந்த பிளசர் கார நம்பி ஏறிட்டீங்க இல்ல?

சுல்தானா: மாமா... வண்டி நிக்காதுல்ல? எஞ்சின் சத்தம் மாறுனாலே ஒரு வரி மண்டையில ஏற மாட்டேங்குது. படிச்சதெல்லாம் மறந்து போவுது.

உத்திராபதி: நிக்காது பாப்பா. இந்தா, புதுச்சத்திரம் வந்தாச்சு. இன்னும் பதிமூணு மைலு...

சுல்தானா: அய்யோ! என்ன அது, டங்குன்னு?

உத்திராபதி: அது... கல்லு. சக்கரத்துல தெறிச்சு அடியில பட்டுது.

சுல்தானா: காலால என்னமோ மிதிமிதின்னு மிதிக்கிறீங்க?

உத்திராபதி: ...செருப்புல மண்ணு பாப்பா.

மெகருன்னிசா: கல்லுதான்டி. ரோட்டு லட்சணம் அப்புடி. நீ புஸ்தகத்தப் பாரு. தம்பி, பரங்கிப்பேட்டையில ஒரு கல்யாணம் நடந்திச்சு, கேளு. மாப்ள ஊர்வலம் கெளம்பிடிச்சு. பாத்தா குதிர மேல மாப்ளையக் காணும்!

உத்திராபதி: ம்... ம்...

மெகருன்னிசா: தேடுறாங்க, தேடுறாங்க...

சுல்தானா: மாமா, ஆடு! ஆடு!

மெகருன்னிசா: ஏய் ஆட்டுக்காரம்மா! ஓரமா ஓட்டு! புள்ள பரீட்சைக்குப் போவுது! ஓட்டுன்றேன்ல!

சுல்தானா: நிறுத்தாம ஏன் மாமா உருட்டிக்கிட்டே போறீங்க?

உத்திராபதி: நிறுத்துனா... ஆடு மெரளும் பாப்பா.

மெகருன்னிசா: ஆமாமா, மெரளும். மெரண்டா குட்டி போடாது. எங்க வுட்டேன்... ஆங், மாப்ள. மாப்ள பிரியாணி சட்டிகிட்ட குந்திக்கிட்டு கறி வெந்திருச்சான்னு பாக்கறான்!

சுல்தானா: இவ்ளோ கத்தணுமா? காது அடைக்குது.

மெகருன்னிசா: காத்து ஜாஸ்தியா அடிக்குதுல்ல. தம்பி... எத்தினி வருசமா ஓட்டுற?

உத்திராபதி: பதினோரு வருசம்.

மெகருன்னிசா: அதான். உன் கையையேதான் பாக்கறேன். எஞ்சினு மூச்ச எறக்குதா, அந்த நேரம் பாத்து கம்பியத் தட்டுற. பால்ல சக்கர கரையிற மாதிரி கியரு உள்ள போவுது. சத்தம் போடணுமே! ம்ஹூம்.

உத்திராபதி: அக்கா... கையப் பாக்காதீங்க. கூச்சமா இருக்கு.

மெகருன்னிசா: நல்ல வேலைய நல்லாருக்குன்னு சொன்னா என்னா கூச்சம்? சரி, நான் ரோட்டப் பாக்கறேன்.

சுல்தானா: புவனகிரி பாலம் வந்துருச்சு. முன்னால வைக்கப்புல்லு ஏத்துன மாட்டு வண்டி போவுது மாமா. மெதுவா... கர்ருங்குது! என்னா அது கர்ருங்குது?

மெகருன்னிசா: க்ர்ர்... க்ர்ரும்... எனக்குத்தான் தொண்ட கட்டிக்கிச்சு.

சுல்தானா: பேசிப்பேசியே கட்டிக்கிச்சு.

மெகருன்னிசா: கட்டிக்கிட்டா கட்டிக்கட்டும். நேத்து சிலோன் ரேடியோவுல ஒரு பாட்டு போட்டான் தம்பி...

சுல்தானா: பாடாதம்மா! உன் கால்ல வுழறேன்!

உத்திராபதி: பாடட்டும் பாப்பா. தா... தாண்டிட்டோம். வைக்க வண்டிய தாண்டிட்டோம்.

சுல்தானா: மணி ஒம்பதே முக்கால். ஊருக்குள்ள வந்தாச்சு. ரயில் கேட்டத் தாண்டுனா யுனிவர்சிட்டி... அம்மா! கேட்டு! கேட்ட எறக்குறான்!

உத்திராபதி: அடடா... நிறுத்தித்தான் ஆவணும்.

மெகருன்னிசா: தம்பி, எஞ்சின அமத்திடு. என்னா வெயிலு. அதுவும் செத்த நேரம் ஆறட்டும்.

உத்திராபதி: ஆங்... ஆமாக்கா. ஆறட்டும்.

சுல்தானா: ஒம்பது அம்பத்திரண்டு.

மெகருன்னிசா: ரயிலு வந்துட்டு போவப் போவுது, குடியிருக்கவா போவுது? ...தா பாரு, போயிருச்சு. கேட்டு தூக்கிட்டான்.

உத்திராபதி: பாப்பா, சீட்ட கெட்டியா புடிச்சிக்க.

சுல்தானா: அம்மாடி! தூக்கிப் போட்டுச்சே!

மெகருன்னிசா: தண்டவாளம்டி. தண்டவாளம்னா தூக்கிப் போடாதா?

சுல்தானா: தண்டவாளம் இன்னும் வரவே இல்லையே!

மெகருன்னிசா: இப்ப வருது பாரு. பேனாவுக்கு மை ஊத்துனியா? கேட்டதுக்கு பதில சொல்லு.

சுல்தானா: ரெண்டு பேனாவுலயும் ஊத்திருக்கேன். தோ, அந்த மரத்தடியில மாமா. இங்கதான். அம்மா, துவா செய்யி.

மெகருன்னிசா: வழி பூரா அதான செஞ்சேன். ஓடு! முந்தானைய இழுத்து சொருவு! ஓடு!

உத்திராபதி: ...உள்ள போயிருச்சா?

மெகருன்னிசா: போயிட்டா. அஞ்சு நிமிசம் இருக்கு இன்னும்.

உத்திராபதி: அக்கா, எறங்காதீங்க. ஒண்ணு சொல்லணும். ஏசுனாலும் பரவால்ல.

மெகருன்னிசா: சொல்லு.

உத்திராபதி: புதுச்சத்திரத்துல அடிச்சது கல்லு இல்ல. கிளச்சு ராடு பின்னு வுழுந்துருச்சு. நேத்தே பழசு தேஞ்சு போச்சு, புதுசு கெடைக்கல. எம் பொஞ்சாதி கொண்ட ஊசிய வளச்சு மாட்டியிருந்தேன், ஒரு நடைக்குத் தாங்கும்னு. அங்கேருந்து இங்க வரைக்கும் கிளச்சே இல்ல. நின்னா கெளம்புமோ கெளம்பாதோன்னு இருந்துச்சு. கேட்டுல கியருல போட்டே ஸ்டாட் பண்ணேன், அதான் அப்புடித் தூக்கிப் போட்டுச்சு. பாப்பா பயந்துடும்னு சொல்லல.

மெகருன்னிசா: கொண்ட ஊசியா? அது கொண்டையவே ஒழுங்கா புடிக்காது தம்பி.

உத்திராபதி: என்னக்கா... உங்களுக்கு முன்னயே தெரியுமா?

மெகருன்னிசா: இவ அத்தா பினாங்கு போறதுக்கு முன்ன லாரி ஷெட்டு வச்சிருந்தாரு. கியரு பொட்டியப் பிரிச்சாருன்னா, பல்சக்கரத்த மண்ணெண்ணையில கழுவி அடுக்குறது நான்தான். டங்குன்னதும் உன் காலப் பாத்தேன். பெடலு தொப்புன்னு உள்ள போயி அங்கயே கெடந்துச்சு.

உத்திராபதி: அப்ப அந்தக் கல்யாணக் கத...

மெகருன்னிசா: அப்புடி ஒரு கல்யாணமே நடக்கல. நீ கியரு மாத்தறப்ப தப்பித்தவறி கர்ருன்னா அது அவ காதுல வுழக் கூடாதே.

உத்திராபதி: எங்கிட்டயாச்சும் ஒரு ஜாடை காட்டியிருக்கலாமில்லக்கா?

மெகருன்னிசா: என்னா அழகா ஓட்டிக்கிட்டு வந்த! அவரே இப்புடி ஓட்டி நான் பாத்ததில்ல. எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா அந்தக் கை நடுங்கியிருக்கும் தம்பி.