சாமி இருக்கிற கை

தாம்பரத்தில் மாலை ரயிலில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே இரண்டு பேர், ஒரே துணிக்கடையின் நீலச் சீருடைப் புடவையில். நாளெல்லாம் நின்ற கால்களைச் செருப்பிலிருந்து விடுவித்து நீட்டியிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்.

“இப்பல்லாம் எங்க வூட்டுக்காரரு இடது கையாலதான் அடிக்கிறாருக்கா.”

மூத்தவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “வலது கைக்கு இன்னா ஆச்சு?”

“ஆடிக் கிருத்திகைக்கு அதுல முருகன் டாட்டூ போட்டுக்கினாரு. சாமி கீற கையால பொம்பளைய அடிச்சா பாவமாம்.”

“குடிக்கறது?”

“அப்ப கர்சீப்பு கட்டி சாமிய மூடிக்குவாரு.”

“இடது கைன்னா அடி அவ்ளோவா வலிக்காதே.”

“மொதல்ல வலிக்கலக்கா. இப்ப அவருக்குப் பழகிப் போச்சு.”

பெருங்களத்தூரில் கூட்டம் ஏறியது. மூத்தவள் கால்களை மடக்கி வழி விட்டாள்.

“அந்தக் கைலயும் ஒரு சாமியப் போட்டுக்கச் சொல்லேன்.”

“சொல்லிப் பாத்துட்டேன். எடம் இல்லன்றாரு. கல்யாணம் ஆன புதுசுல அதுல என் பேர பெருசா போட்டுக்கினாரு.”