பிணை நின்றவனின் கடிதம்

கதிரையில் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க என்னால் முடிவதில்லை, சுவாமி. எழுந்து நடந்து, திரும்ப இருந்துதான் இதை எழுதுகிறேன். எழுத்துக் கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாய்க்குத் தான் போட்ட கடிதத்துக்கு என்ன நடந்தது என்று மேரிஜோசப்பினின் மகன் மிரோஜன் இத்தாலியிலிருந்து உங்களுக்கு எழுதிக் கேட்டதற்கு இது என் பதில். கோயிலில் வாசிக்க வேண்டாம்.

2004இல் என் மகன் றெக்ஷன் அங்கே வான் வண்டி வாங்கத் தவணைக் கடன் எடுத்தான். பிணைக்கு ஆள் கேட்டார்கள். நான்தான் தொலைபேசியில் மிரோஜனிடம், "தம்பி, கையெழுத்தை வையும். நான் இருக்கிறன்" என்றேன். ஊர்காவற்றுறையில் இன்னாசித்தம்பி அப்படிச் சொன்னால் அதற்கு மேல் எவரும் கடதாசி கேட்டதில்லை.

இத்தாலியில் கடன்காரர் பெயர்களைப் பதிந்துவைக்க ஒரு நிறுவனம் இருக்கிறதாம். யார் ஒழுங்காகக் கட்டுகிறார், யார் பிந்துகிறார் என்று வங்கிகள் அதில்தான் பார்க்கும். பிணை நின்றவனின் பெயரும் அதிலேயே நிற்கும். 2006 கடைசியில் தாயின் இதய சத்திரசிகிச்சைக்கு மிரோஜன் கடன் கேட்டபோது வங்கி மறுத்துவிட்டது. அவன் தன் பதிவின் பிரதியை எடுத்து, கடிதத்தோடு தாய்க்கு அனுப்பினான். சண்டையால் பாதை பூட்டி, தொலைபேசியும் இல்லாத நாட்கள். கடிதம் கப்பலில் வந்தது.

மேரிஜோசப்பினுக்கு வாசிக்கத் தெரியாது. மைத்துனி கிறேஸையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"காசு வருகுதெண்டால் சத்தமா வாசியுங்கோ ஐயா. இவளுக்குக் காது மந்தம்."

"காசெண்டால் எனக்கு நல்லாக் கேக்கும்" என்றாள் கிறேஸ்.

கடிதத்தில் இப்படி இருந்தது: "றெக்ஷன் ஐஞ்சு மாதம் கட்டேல்லை. அதாலை எனக்கும் கடன் இல்லையாம். ஐயாட்டைக் காட்டுங்கோ அம்மா. அவர் சொன்ன சொல்லுக்கு நிற்பார்."

நான் வாசித்தது இப்படி: "அம்மா, என்னட்டைக் காசு இல்லை. என்னை எதிர்பாராதேங்கோ."

"அவ்வளவுதானோ?"

"ஓம்."

"இந்த அச்சடிச்ச தாள்?"

"விளம்பரம்."

கிறேஸ் பக்கத்தில் நின்றாள், சுவாமி. உள்ளதை வாசித்திருந்தால் ஞாயிறு பூசைக்கு முன் ஊர் முழுக்க என் மகன் பெயர் நாறியிருக்கும். தாளை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அதே தட்டில் பெருநாள் உபயத்துக்கான காசு இருந்தது. சத்திரசிகிச்சைக்கு அது போதும். ஆனால் ஐந்து தலைமுறையாக அந்த உபயம் எங்கள் வீட்டுடையது. நின்றிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

பெருநாள் குறைவில்லாமல் நடந்தது. அது முடிந்து பதினோராம் நாள் மேரிஜோசப்பின் இறந்தாள். "பெத்த பிள்ளை கைவிட்டிட்டான்" என்று கடைசிவரை சொன்னாளாம். சவப்பெட்டி நான் கொடுத்தேன். நல்ல மரம்.

இப்போது எழுந்து போய் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். கடிதம் இருக்கிறது. நேற்றும் நான்கு தடவை பார்த்தேன்.

நான் கடமை தவறியவன் இல்லை. 2007 பங்குனியில் மண்கும்பானில் இருந்த பனங்காணியை விற்று, றெக்ஷனின் நிலுவை முழுவதையும் கட்டுவித்தேன். கட்டி முடித்தால் இரண்டு வருடத்தில் அந்தப் பதிவு தானாக அழிந்துவிடும் என்று அவன் சொன்னான்.

இது 2009 சித்திரை. போன மாதத்தோடு எல்லாம் அழிந்துவிட்டது, சுவாமி. பிறகும் மிரோஜன் எதைக் கேட்கிறான் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.