ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே ஐம்பத்தெட்டு நிமிடம்

என் கைப்பட எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். நான் சொல்லச் சொல்ல எழுதிய எழுத்தர் ஐயாவுக்கு முதல் கால் மணி நேரத்திலேயே மணிக்கட்டு பிடித்துக்கொண்டதால், பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டார்.

பெயர்: படிவத்தின் மேலே இருப்பது சரியே. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் என் தபால்காரருக்கே என்னைத் தெரியாது. முப்பத்தொரு கட்டடங்களில் என்னை லிஃப்ட் மாமா என்பார்கள். வயது: அறுபத்தொன்று. தொழில்: லிஃப்ட் பழுது பார்ப்பது, முப்பத்தாறு ஆண்டுகளாக. முகவரி: பேருந்துப் பணிமனைக்குப் பின்தெரு, அச்சகத்துக்கு மேல்மாடி, இரண்டு அறை. உடன் வசிப்பவர்கள்: யாருமில்லை. மனைவி உண்டு. மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவர். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சண்டை எதுவும் கிடையாது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் "சாப்டீங்களா?" என்று கேட்பார். "ஆச்சு" என்பேன்.

இதற்கு முன் என் மீது வழக்கு எதுவும் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் மீது செருப்பு எறிந்தது வழக்கில் சேராது. இங்கே என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. இரண்டு முறை தேநீர் கொடுத்தார்கள்.

சம்பவத்துக்குப் போகும் முன் ரக்பியைப் பற்றி நான்கு வரி எழுத வேண்டும். எழுத்தர் வேண்டாம் என்கிறார். ஆய்வாளர், "எழுதட்டும் விடுய்யா" என்கிறார். ஆகவே எழுதுகிறேன். முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு பதினைந்து பேரும் பதினைந்து பேரும் மோதும் ஆட்டம் அது. எட்டுப் பேர் எட்டுப் பேரோடு தலையை மாட்டிக்கொண்டு மலையை நகர்த்துகிறவர்கள் மாதிரி தள்ளும்போது, காலடியில் உருண்டு வரும் பந்தை அள்ளி எறிபவன் ஒன்பதாம் எண்காரன். அவன் தாமதித்தால் நாடே தாமதம்.

நம் நாட்டு அணியில் உளி என்றொரு ஒன்பதாம் எண்காரன் இருக்கிறான். உயரம், என் கருவிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. பந்தை அவன் எறிந்தால், பந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் கை அசைந்தது தெரியும். பயிற்சியாளர் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு, தூண் என்று எங்கள் வட்டாரத்தில் பெயரெடுத்த இன்னொருவனை ஆட வைக்கிறார். ஓர் ஆட்டத்தில் பந்தை எடுக்கத் தூண் குனிந்தபோது நான் எழுந்து போய் முகச்சவரம் செய்துகொண்டு, துண்டைக் காயப்போட்டுவிட்டு வந்தேன். அப்போதும் குனிந்துகொண்டுதான் இருந்தான்.

பதினோரு ஆட்டம் தொடர்ந்து தோற்றோம். பதினோரு முறையும் பயிற்சியாளர் தொலைக்காட்சியில் வந்து, "நாங்க சரியான திசையிலதான் போயிட்டிருக்கோம்" என்றார்.

ஆரம்பத்தில் என் முன்னறையில் ஐந்து பேர் பார்த்தோம். மூன்றாவது தோல்விக்குப் பிறகு அச்சகக்காரர் கால்பந்துக்கு மாறினார். ஐந்தாவதற்குப் பிறகு பேருந்து ஓட்டுநர்கள் இருவரும் சனிக்கிழமை வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை வேலையைக் கேட்டு வாங்கிய ஓட்டுநர்கள் உலக வரலாற்றிலேயே அவர்கள் இருவர்தான். ஏழாவது தோல்வியில் என் தங்கையின் கணவர் இடைவேளையிலேயே எழுந்து, "இதுக்கு வீட்ல உக்காந்து உன் தங்கச்சிகிட்ட திட்டு வாங்கலாம் மச்சான். அவளாவது ஜெயிக்கிறா" என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு மாதம் ஆகிறது. அதன் பிறகு நான் தனியாகத்தான் பார்த்தேன். எட்டாவது ஆட்டத்தில் தூண் பந்தை நழுவவிட்டபோது, "பாத்தியா!" என்று பக்கத்தில் திரும்பினேன். நாற்காலி இருந்தது.

எழுத்தர், "சம்பவம், சம்பவம்" என்கிறார்.

சம்பவ நாள் நேற்று, வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிச் செய்தியில் அடுத்த ஆட்டத்துக்கான அணியை வாசித்தார்கள். ஒன்பதாம் எண், தூண். மாற்று ஆட்டக்காரர் பட்டியலில்கூட உளி இல்லை. அதன் பிறகு நான் சாப்பாட்டை மூடி வைத்தேன். அதன் பிறகு மாலை ஐந்து நாற்பதுக்கு, எட்டு மாடிக் கட்டடத்தின் காவலாளி தொலைபேசியில் அழைத்தார்.

"மாமா, லிஃப்ட் அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு."

"கத்துறாரா?"

"சத்தமே இல்ல மாமா. அதான் பயமா இருக்கு."

அடுத்த தெருவில்தான் இருந்தேன். அறுபத்தொரு வயதில் கருவிப் பெட்டியோடு எட்டு மாடியும் ஏறி, மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறையை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அடைந்தேன். அதன் பிறகு மெயின் சுவிட்சை அணைத்தேன். அணைத்தால் லிஃப்ட் கூண்டுக்குள் விளக்கு எரியாது, விசிறி ஓடாது, இண்டர்காம் மட்டும் பேட்டரியில் பேசும். அதன் பிறகு இண்டர்காமை எடுத்து, எல்லோரிடமும் கேட்பதுபோலவே கேட்டேன்.

"பயப்படாதீங்க சார். மேல போயிட்டிருந்தீங்களா, கீழயா?"

"பயமெல்லாம் இல்ல. சரியான திசையிலதான் போயிட்டிருந்தேன். நின்னுடுச்சு."

உலகத்தில் உள்ள எரிமலைகள் அத்தனையும் என் இடது காதில் ஒரே நேரத்தில் வெடித்தன. எழுத்தர் அதை அடித்துவிட்டு, குரலை அடையாளம் கண்டுகொண்டேன் என்று எழுதச் சொல்கிறார். அடிக்கவில்லை, இதையும் சேர்த்துக்கொள்கிறேன். குரலை அடையாளம் கண்டுகொண்டேன். அவர் அந்தக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் குடியிருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு வேலையைப் பார்த்தேன். கட்டுப்பாட்டுப் பெட்டியில், மின்சாரத்தை இணைத்து விடும் ரிலே ஒன்றின் முனை கரி பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, திரும்ப மாட்டினேன். ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு வேலை முடிந்தது. மொத்தம் ஒன்பது நிமிடம். அப்போதே சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. காலியாக இருந்த பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாது சார். பழைய பார்ட்."

தொழிலில் நான் சொன்ன முதல் பொய் அது. அதன் பிறகு, "ஒண்ணு கேக்கலாமா சார்?" என்றேன். கேளுங்கள் என்றார்.

"உளியை ஏன் எடுக்கல?"

அதன் பிறகு, "இந்த ஒரு எடத்துலயாவது யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அதன் பிறகு இருபது நிமிடம் நான்தான் பேசினேன். எட்டு மாதமாகச் சேர்த்து வைத்ததைப் பேசினேன். முதல் தோல்வியிலிருந்து ஆட்டம் ஆட்டமாக, நிமிடம் நிமிடமாக எடுத்து வைத்தேன். "பந்து கைக்கு வந்தா ஏன் சார் எடுத்து உதைச்சு எதிரிகிட்டயே குடுக்குறாங்க? அவங்க என்ன நமக்குச் சம்பந்தியா?" என்று கேட்டேன். "நாடே தோத்துக்கிட்டு இருக்கு, ஒருத்தராவது 'என் தப்பு'ன்னு சொன்னீங்களா? பதினோரு தோல்வி சார். ஒண்ணுக்காவது யாராவது பொறுப்பேத்தீங்களா?" என்று கத்தினேன். அவர் இடையிடையே "ம்" என்றார். ஒன்பதாவது ஆட்டத்தைப் பற்றி நான் சொன்னதில் ஒரு திருத்தம் சொன்னார். அது சரியான திருத்தம்.

பத்தாவது ஆட்டத்தில் இருந்தபோது, "ஒரு நிமிஷம், நான் உக்காந்துக்கறேன்" என்றார். ஆறடி நான்கு அங்குல மனிதர். அவருடைய சட்டை கூண்டின் சுவரில் உரசிக்கொண்டே கீழே இறங்குவது இண்டர்காமில் கேட்டது. உட்கார்ந்த பிறகு மூச்சு வாங்கினார். உள்ளே காற்று இல்லை, வெளிச்சம் இல்லை என்பது அப்போதுதான் என் புத்திக்கு ஏறியது. ஆறு இருபத்தொன்றுக்கு எழுந்து சுவிட்சைப் போட்டேன்.

கூண்டில் விளக்கு வந்திருக்கும். விசிறி சுற்ற ஆரம்பித்தது எனக்கே கேட்டது. அவர் ஏழாம் எண் பொத்தானை அழுத்தினால் வீட்டுக்குப் போய்விடலாம். அது பழைய மாதிரி லிஃப்ட். உள்ளே ஆள் இருந்தால் வெளியிலிருந்து எத்தனை பேர் அழைத்தாலும் நகராது. "அழுத்துங்க சார்" என்று நான் சொல்லவில்லை. அவரும் அழுத்தவில்லை. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அவர், "அப்புறம்? பத்தாவது மேட்ச்ல என்ன?" என்றார்.

அதன் பிறகு இருவரும் பேசினோம். யாரோடு ஆட்டம் பார்ப்பீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நீங்கள் யாரோடு ஆட்டத்தைப் பற்றிப் பேசுவீர்கள் என்று நான் கேட்டேன்.

"யார்கிட்ட பேசினாலும் மறுநாள் பேப்பர்ல வந்துடுதுங்க. என் தம்பிகிட்ட சொன்னதுகூட வந்துச்சு. இப்பல்லாம் வீட்ல மழை வருமா வராதான்னுதான் பேசுறோம்" என்றார்.

அதன் பிறகு, உளியை ஏன் எடுக்கவில்லை என்று சொன்னார்.

ஆறு ஐம்பதுக்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர், கைக்கொன்றாகத் தண்ணீர் கேன்களோடு படியேறி மோட்டார் அறை வாசலில் வந்து நின்றார். அந்த நேரத்தில் நான் பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன் என்று அவர் புகாரில் எழுதியிருப்பது உண்மை.

"லிஃப்ட் ஏன்யா ஓடல?" என்று கேட்டார்.

"ஓடுதுங்களே" என்றேன்.

அது இண்டர்காமில் கேட்டிருக்க வேண்டும். மறுகணம் மோட்டார் சுற்றியது. கம்பிவடம் எங்கள் கண்முன்னே நகர்ந்தது. பயிற்சியாளர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். செயலாளர், நான் ஒரு குடியிருப்பாளரை அடைத்து வைத்ததாகப் புகார் கொடுத்தார்.

இன்று காலை என்னை அழைத்த ஆய்வாளர், பயிற்சியாளர் கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். ஐம்பத்தெட்டு நிமிடமும் மெக்கானிக் ஓயாமல் பழுது பார்த்தார், இடையிடையே எனக்குத் தைரியம் சொன்னார், எனக்குப் புகார் எதுவும் இல்லை என்று அதில் இருக்கிறது. "நீங்களும் அதையே சொல்லிக் கையெழுத்து போட்டுட்டு வீட்டுக்குப் போங்க மாமா. லைசென்ஸ் தப்பிச்சுடும்" என்றார் ஆய்வாளர்.

போட மாட்டேன் என்றேன். முதல் காரணம், ஒரு ரிலே முனையைத் தேய்க்க ஐம்பத்தெட்டு நிமிடம் எடுத்தவன் என்று அரசாங்கப் பதிவேட்டில் ஏறினால், முப்பத்தொரு கட்டடத்து லிஃப்டுகளும் என்னைப் பார்த்து வாய் திறந்து சிரிக்கும். இரண்டாவது காரணத்தை ஆய்வாளரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். ஒரு தப்புக்காவது யாராவது பொறுப்பேற்றீர்களா என்று இருட்டில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்துக் கத்தியவன் நான். அவர் இருட்டில் உட்கார்ந்திருந்ததே என்னால்தான். அதை அவர் தலையிலும் பழைய பார்ட் தலையிலும் கட்டிவிட்டு வீட்டுக்குப் போக எனக்கு வழி தெரியவில்லை.

அதன் பிறகு ஆய்வாளர் எழுத்தரை வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எழுத மாட்டேன் மாமா. சும்மா சொல்லுங்க. உளி விஷயம் என்ன?" என்று கேட்டார். அவரும் பதினோரு ஆட்டமும் பார்த்தவராம். தூணைப் பற்றி அவர் சொன்ன உவமை ஒன்று என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பதவி கருதி எழுதவில்லை. ஞாபகம் இல்லை என்றேன். "தைரியம் சொன்ன ஆளுக்கு ஞாபகம் இல்லையா?" என்றார். இல்லை என்றேன்.

அதன் பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் தொலைபேசி அடித்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு என் தங்கையின் கணவர்.

"மச்சான்! எப்படி இருக்க? சாப்பிட்டியா? ஊரே உன்னைப் பத்திதான் பேசுது. அந்த ஆளோட ஒரு மணி நேரம் பேசினியாமே! நாளைக்கு மேட்சுக்கு வரேன். அச்சகக்காரரும் வராராம். டிரைவருங்க ரெண்டு பேரும் லீவு போட்டுட்டாங்க. உளி மேட்டரை மட்டும் இப்பவே சொல்லிடு, தல வெடிக்குது."

நான்கு பேரும் வருவதாக ஒரே மூச்சில் காதில் விழுந்தது. "லிஃப்ட் ரிப்பேர், சரி பண்ணேன். வேற ஒண்ணும் பேசல" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ச்சே" என்றார். நாளைக்கு வருகிறாரா என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ஆகவே என் வாக்குமூலம் இது. முதல் ஒன்பது நிமிடம் என் தொழில். அடுத்த இருபது நிமிடம் என் குற்றம். அதற்குச் சட்டம் என்ன சொல்கிறதோ அதை ஏற்கிறேன், லைசென்ஸ் உட்பட. கடைசி இருபத்தொன்பது நிமிடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எழுத வேண்டிய கட்டாயம் எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று எழுத்தரைக் கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வராது என்றார். எனவே எழுதவில்லை. அந்த மனிதர் பேசி, மறுநாள் பத்திரிகையில் வராமல் போனது இது ஒன்றாவது இருக்கட்டும்.

பொறுப்பேற்று அழைத்துப் போக யாரையாவது கூப்பிட வேண்டுமா என்று ஆய்வாளர் கேட்கிறார். மனைவி இருக்கும் இடத்திலிருந்து ஒரு நாள் பயணம். மச்சானைக் கூப்பிட்டால் ஓடி வருவார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையேதான் கேட்பார், நானும் மனிதன்தான், இரண்டாவது தெருவில் சொல்லிவிடுவேன். எனவே யாரையும் கூப்பிட வேண்டாம்.

மேலே உள்ளதை நானே எழுதி, நானே உரக்கப் படித்து, எழுத்தர் சுட்டிய பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். அத்தனையும் உண்மை. தூணைப் பற்றிய இடங்களில் கொஞ்சம் மிகை இருக்கலாம். நிமிடங்களில் இல்லை.

(கையொப்பம்)
லிஃப்ட் பழுது பார்ப்பவர்