உமிக்கு ஒரு சீட்டு

— உமிக்குமா சீட்டு? ஏப்பா ஆத்மநாதா, நம்ம மில்லுல அரைச்ச உமி நம்ம மில்லு அடுப்புக்குப் போறதுக்கா?

— ஆமாங்க முதலாளி, தப்பா நெனைக்கப்படாது. நேத்து ஊறப்போட்ட நெல்லு தொட்டியில கெடக்கு. அவிக்க மூக்காயி தயாரா நிக்குது. அடுப்புக்கு உமி கேட்டா அரவை பிச்சைமுத்து தரமாட்டேங்கிறான். உமி அவன் டிபார்ட்மெண்டு சரக்காம். எழுத்துல கேட்டாத்தான் தருவானாம்.

— எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?

— மூக்காயிக்கு எழுதத் தெரியாதுங்களே.

— நீ எழுதிக் குடு. மானேஜர்தானே நீ?

— யாருக்கு என்ன வேலைன்னு நீங்க போட்ட படத்துல மானேஜருக்குக் கட்டம் இல்லைங்க. மேல நீங்க. கீழ மூணு கட்டம்: அவிக்கிறது, காயவைக்கிறது, அரைக்கிறது. என்னையக் காணோம். நான் வருத்தப்படலை, தப்பா நெனைக்கப்படாது.

— அட, விவரமாச் சொல்றேன் கேளு. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல ஒரு கோடு போகுதுல்ல? அதுதான் நீ.

— அதையும் சொல்லிப் பார்த்தேங்க. கோடு கையெழுத்துப் போட்டாச் செல்லாதுன்னுட்டான்.

— அலமு! ஏத்தா அலமு! காப்பி என்னாச்சு?

— வருது, வருது. கத்தாதீங்க. மொதல்ல மில்லுச் சங்கதியப் பாருங்க. என்ன ஆத்மநாதா, வந்ததுலருந்து நின்னுக்கிட்டே இருக்கே?

— நெல்லு நாத்தமடிச்சுரும் போல இருக்குங்க ஆச்சி. வல்லத்திராக்கோட்டை ஆளுக நெல்லு வேற. அவுகளுக்குத் தெரிஞ்சா வண்டியக் குளத்தூர் மில்லுக்குத் திருப்பிருவாக.

— ரொம்பச் சரி. எல்லாம் மதுரைச் சம்பந்தி மில்லைப் போயிப் பார்த்துட்டு வந்த நேரம்.

— அலமு, விவரமாச் சொல்றேன் கேளு. நம்ம மில்லுல என்ன தப்பு நடந்தாலும், யாரு அந்த வேலையப் பார்த்தீங்கன்னா எல்லாரும் பார்த்தோமுங்கிறான். அப்ப யாரைப் பிடிக்கிறது? சம்பந்தி மில்லுல செவத்துலயே படம் ஒட்டியிருக்காக. அவனவன் வேலைக்கு அவனவன் பொறுப்பு. நம்ம மகன் சொக்குவுக்குக் கல்யாணம் முடிச்சு, அவனையும் மகமிண்டியையும் போன மாசம் தனிக் குடித்தனமா வேற வச்சமே, அது மாதிரிதான் இதுவும். ஒரே வீடு, தனித்தனி அடுப்பு. ஏதாவது சண்டை வந்துச்சா?

— வரலை. வேற வைக்கையில பிள்ளைகளுக்கு என்ன குடுத்தோம்?

— அரிசி, பருப்பு, புளி, பாத்திரம், பண்டம். வருசத்துக்கு வேணுங்கிற விறகு.

— விறகுக்குச் சீட்டுக் கேட்டமா?

— அது... கேக்கலை.

— ரொம்பச் சரி.

— இன்னொண்ணுங்க முதலாளி. களத்துலயும் தாவா. காயவைக்கிறதுதான் தன் வேலைன்னு திருப்பதி துண்டை ஒதறிட்டு ஒக்காந்துட்டான். காஞ்சு போன நெல்லு அரவை நெல்லாம், அதைப் பிச்சைமுத்துதான் அள்ளணுமாம். பிச்சைமுத்து, மில்லு வாசப்படி தாண்டி வந்தாத்தான் அரவை நெல்லுங்கிறான். நடுவுல கோழி திங்குது.

— வெரட்டுறது!

— கோழி எந்த டிபார்ட்மெண்டுன்னு படத்துல இல்லைங்களே.

— எடுடா செருப்பை! நானே வந்து ஒரு சத்தம் போட்டாத்தான் சரிப்படும்.

— வரப்படாதுங்க முதலாளி! முதலாளி மில்லுக்குள்ள நடமாடப்படாது, ரூமுலதான் இருக்கணுமுன்னு அடியில எழுதியிருக்கு. ஒங்க கையெழுத்து. இன்னைக்கே மாத்துனா பயலுக சிரிப்பாங்க, தப்பா நெனைக்கப்படாது.

— சம்பந்தியும் ரூமுலதான் இருக்காக... ஆமா, வெடியக்காலையில மில்லுப் பக்கம் பொகையாத் தெரிஞ்சுச்சே. உமி இல்லாம எப்படிப் பொகை?

— மில்லு ஏது? நம்ம மகமிண்டி பின்கட்டுல புது அடுப்புப் பத்த வச்சிருக்கா. பச்சை விறகு.

— அதானே பார்த்தேன். சரி, முந்தியெல்லாம் இப்படித் தாவா வந்தா யாருப்பா தீர்த்து வப்பா?

— ஆச்சிக்கிட்டதாங்க ஓடியாருவோம். ஒரு வார்த்தை சொல்லுவாக, முடிஞ்சு போகும்.

— இந்தாருங்க, நானும் ஒண்ணு கேக்குறேன். ஜப்பான் சண்டையில நீங்க மலாயாவுல, ஈப்போவுல மாட்டிக்கிட்டு, ஒரு கடுதாசிகூட வராமக் கெடந்தீங்களே, அப்ப இந்த மில்லு நின்னுச்சா?

— நிக்கலை.

— யாரு ஓட்டுனா?

— நீதான். யாரு இல்லைன்னா?

— அந்தப் படத்துல நான் எங்க இருக்கேன்? ஆத்மநாதனாவது கோடு. நான் அதுகூட இல்லை. ராத்திரி பூராத் தூக்கம் வரலைங்க எனக்கு. மனசு விட்டுப் போச்சு.

— நீ வீட்டு ஆளு அலமு. ஒன்னையப் போயிக் கட்டத்துக்குள்ள அடைப்பாகளா?

— ரொம்பச் சரி. அதான் வீட்டையும் ஒங்க மாதிரியே பிரிச்சுட்டேன். பாலு என் டிபார்ட்மெண்டு. காப்பித்தூளு மகமிண்டி டிபார்ட்மெண்டு. சர்க்கரை ஒங்களுது. எழுத்துல கேளுங்க, எழுத்துல தாரோம்.

— அடியாத்தீ! அதான் இம்புட்டு நேரமாக் காப்பி வரலையா?

— முதலாளி, நெல்லு...

— தெரியுதுப்பா! அந்தப் படத்தை எடு. பென்சிலைக் குடு. அலமு, மேல எடமில்லையே. கீழயும் மூணு கட்டமா அடைஞ்சு கெடக்கு. எங்க போடுறது ஒன்னைய?

— மேலயும் வேணாம், கீழயும் வேணாம். பக்கத்துல போடுங்க.

— கோணலா வருதே.

— வந்தா வந்துட்டுப் போகுது. பேரு எழுதுங்க.

— எழுதிட்டேன், அலமேலு ஆச்சின்னு. இந்தா, அடியிலயும் சேர்த்துட்டேன்: ஆச்சி கேட்டா சீட்டு வேண்டாம். தப்பு என்னுதுதான், போதுமா? சம்பந்தி வந்து பார்த்துச் சிரிச்சாலும் சிரிக்கட்டும்.

— சிரிக்க மாட்டாக. சம்பந்தி ஆச்சிக்கிட்ட நான் கேட்டுட்டேன். அங்கயும் அவுகதான் எல்லாம். சரி, இருங்க, காப்பி கொண்டாரேன்.

— காப்பி கெடக்கட்டும்! ஆத்மநாதா, ஏன் இன்னும் மரமாட்டம் நிக்கிறே? ஓடு! ஆச்சி சொன்னாகன்னு சொல்லி உமியை அள்ளச் சொல்லு. நெல்லு வீணாப் போயிரப் போகுது!

— ஆச்சி, இப்பச் சொல்லிரலாங்களா... நெல்லு நீங்க சொன்னபடி வெடியக்காலையிலயே வெந்து, களத்துல காஞ்சுக்கிட்டு இருக்குன்னு?