ஹில்டாவின் எடை

— அந்தத் தராசை யாருடி இந்த வீட்டுக்குள்ள கொண்டு வந்தது?

— கீழ்வீட்டு பீட்டர்சன் அம்மாகிட்ட இரவல் வாங்கினேன். கத்தாதேம்மா, ஹில்டாவுக்குத்தான்.

— ஒரு பாம்புக்கு, மனுஷங்க ஏறி நிக்கிற தராசா? நீ சாப்பிடாம கிடந்து, ஹாம்பர்க் ஆஸ்பத்திரியில பதினோரு வாரம் வச்சிருந்து அனுப்பினாங்களே, அன்னிக்கே நம்ம தராசைத் தூக்கிக் குப்பையில போட்டேன் மாரிட். ரெண்டு வருஷமா இந்த வீட்டுல மாவு நிறுக்கிற தராசைத் தவிர வேற கிடையாது. இனியும் வராது, சொல்லிட்டேன்.

— அந்த மாவுத் தராசு மேலதான் இப்ப இவளைச் சுருட்டி வச்சுப் பார்த்தேன். அது அஞ்சு கிலோ வரைக்கும்தான் காட்டும். இவளை வச்சதும் நம்பர் வராம வெறும் கோடு கோடா வந்து நின்னுடுச்சு.

— அப்ப அஞ்சுக்கு மேலே. போதாதா? பெரிய எலியைப் போடு.

— அஞ்சுக்கு மேலேன்னா அஞ்சேகாலா, ஏழா? எடை தெரியாம எவ்வளவு போடறது? ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ரெண்டு எலியும் வாளியில உருகிக் கிடக்கு, சின்னது ஒண்ணு, பெரிசு ஒண்ணு. இவளுக்கு ஒண்ணு, குப்பைக்கு ஒண்ணு. மறுபடி உறைய வைக்க முடியாது, இப்பவே முடிவு பண்ணணும்.

— பெரிசுதான். இருபத்திரெண்டு வருஷமா கறிக்கடைத் தராசுக்குப் பின்னாடி நிக்கிறவ நான், கண்ணாலயே சொல்லிடுவேன்.

— ப்ச். ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டுமா’ன்னு கேட்டு இன்னொரு துண்டு சாசேஜைத் தள்ளி விடறவதானே நீ! இவ குண்டாயிட்டாம்மா. இனி ஆறு வாரத்துக்கு ஒரு சின்ன எலி போதும்.

— ஆறு வாரமா! குட்டியா வந்தப்ப வாரம் ஒரு சுண்டெலி. அப்புறம் பத்து நாளுக்கு ஒண்ணுன்னே. போன வருஷம் மூணு வாரம். இப்ப ஆறு. வளர வளரச் சாப்பாட்டைத் தள்ளிப் போடறது எந்த ஊரு நியாயம்டி?

— பாம்புங்க அப்படித்தான். வளர்ந்ததுக்கு மெதுவாத்தான் செரிக்கும். அள்ளிப் போட்டா ஈரல்ல கொழுப்பு கட்டிச் செத்துடும். புத்தகத்துல இருக்கு, பாரு.

— உன் புத்தகத்தையெல்லாம் நான் பார்த்தாச்சு. ஒரு ஆப்பிள்ல எத்தனை கலோரி, ஒரு கரண்டித் தயிர்ல எத்தனைன்னு எழுதி எழுதி வச்சிருந்தியே, அதுவும் புத்தகம்தான்.

— நான் பாம்பைப் பத்திப் பேசறேன்!

— நானும் பாம்பைப் பத்தித்தான் பேசறேன். பசிக்குதுன்னு சொல்லத் தெரியாத ஜென்மம் அது. அதைப் போய்ப் பட்டினி போடறேங்கிறே.

— சரி, சண்டை வேணாம். எடை போட்டுப் பார்த்துடலாம். ஆறு கிலோ இருந்தா பெரிசு, குறைஞ்சா சின்னது. நீ என்ன சொல்றியோ அதுதான்.

— எப்படி நிறுப்பே? வச்ச நிமிஷமே வழுக்கிக்கிட்டு சோபாவுக்கு அடியில போயிடும்.

— நான் தூக்கிக்கிட்டு ஏறி நிக்கிறேன். வர்ற எடையில என்னோடதைக் கழிச்சா இவளோடது. பெரிய பாம்பை எல்லாரும் அப்படித்தான் நிறுப்பாங்க.

— உன்னோடதையா? முடியாது. முடியவே முடியாது.

— அப்ப நீ தூக்கு. உன்னோடதைக் கழிப்போம்.

— விளையாடாதே. மீன் துண்டுக்குப் பக்கத்துல எலியை உறைய வைக்க விட்டேனே, அது பத்தாதா? அதைத் தொட மட்டும் என்கிட்ட சொல்லாதே.

— பின்ன வேற வழி? நான் பார்க்க மாட்டேம்மா. ஆஸ்பத்திரியில எடை பார்க்கிறப்ப மாதிரி நம்பருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். நீ பாரு. நம்பரை வாய்விட்டுச் சொல்லாதே. ஜனவரியில அவங்க என் எடையை எழுதிக் கொடுத்த சீட்டு உன் பர்ஸ்லதானே இருக்கு? அதுல உள்ளதைக் கழி.

— பீட்டர்சன் அம்மாவையே பார்க்கச் சொல்லியிருக்கலாமே.

— இல்ல. நீதான் பார்க்கணும்.

— ஜனவரிச் சீட்டு எதுக்கு? மார்ச்சுல போனியே, அந்தச் சீட்டு எங்கே?

— மார்ச்சுல டாக்டர் லீவு. அம்மா, கை வலிக்குது, ஏறட்டுமா?

— இரு, கண்ணாடியைப் போட்டுக்கிறேன். அது தலையை அந்தப் பக்கம் திருப்பு, என்னையே பார்க்குது. மே மாசத்துல எதுக்குடி இவ்வளவு பெரிய ஸ்வெட்டர்? ம்... ஏறு.

— கழிச்சியா?

— ரெண்டேகால்.

— என்ன ரெண்டேகால்?

— ஹில்டாவோட எடை. ரெண்டேகால் கிலோ வருது. தப்பு, இறங்கி மறுபடி ஏறு.

— ஏறிட்டேன்.

— அதேதான். கம்பளத்து மேல வச்சா இப்படித்தான் காட்டும். சமையலறையில தரை கெட்டியா இருக்கு, அங்கே வை.

— வச்சாச்சு. நிக்கிறேன், பாரு.

— இங்கேயும் அதே ரெண்டேகால்தான்.

— அம்மா?

— அஞ்சு கிலோ தராசு தாங்காத பாம்பு இது. என் கெண்டைக்கால் பருமன் இருக்கு, எப்படிடி ரெண்டேகாலாகும்? மாரிட்... ஜனவரிக்கு அப்புறம் குறைஞ்சது பாம்பு இல்லடி. நீ.

— தெரியும்மா. ரெண்டு மாசமா உன்கிட்ட சொல்லணும்னு பார்க்கிறேன், வாயே வரல. அதான் உன்னைப் பார்க்கச் சொன்னேன்.