கைப்பிடி பற்றிய பதினைந்தாவது சீட்டு

என் கையெழுத்து அழகாக இருக்கும், ஐயா. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் சீட்டைப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் இறைச்சிக் கிடங்கில் ஆலோசனைப் பெட்டி வைத்தவர் மனிதவள அதிகாரி. "இனிமே யாரும் வாய்வார்த்தையா குறை சொல்லாதீங்க. எழுதிப் பெட்டியில போடுங்க. ஒண்ணு விடாம நானே படிப்பேன்" என்றார். இருபது வருஷத்தில் என்னை மனுஷனாக மதித்து ஒருவர் கேட்டது அன்றுதான். அதன்பிறகு ஒரு நாள்கூட நான் லீவு போடவில்லை. வாரம் ஒரு சீட்டு எழுதினேன். ஃப்ரீசர் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி சுழலவில்லை, மாட்டினால் ஆள் காலி என்று மட்டும் பதினான்கு முறை. "ஆபீசுக்குக் காதல் கடிதம் எழுதற ஒரே ஆளு நீங்கதான்" என்று வீட்டுக்காரி கிண்டலடிப்பாள். அதிகச் சீட்டு எழுதியவன் என்று அதிகாரி என்னை மேடையேற்றிச் சான்றிதழ் கொடுத்தபோது அவளே அழுதுவிட்டாள்.

போன மாதம் புதுக் கையுறை கேட்டு அவர் அறைக்குப் போனேன். பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்றின் மடிப்பையும் பிரிக்கவில்லை. எண்ணி முடித்ததும் மொத்தமாகக் காகிதம் நறுக்கும் மெஷினில் தள்ளினார்.

"எத்தனை சீட்டு விழுந்துச்சுன்னுதான் மேலிடத்துல கேக்கறாங்க, அண்ணே. உங்க புண்ணியத்துல நம்ம கிடங்குதான் முதலிடம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். பெற்ற பிள்ளை ஏமாற்றியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வீட்டில் அவளிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்; கடைசியாகப் பூட்டுவது நான். அறிவிப்புப் பலகைக்குப் படம் எடுக்க அதிகாரி ஃப்ரீசர் அறைக்குள் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நான் சாத்தவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே செல்போன் சிக்னல் கிடைக்காது. கொஞ்ச நேரத்தில் தட்டினார்.

"அண்ணே, கதவைத் திறங்க. விளையாடாதீங்க."

வெளியிலிருந்து ஒரு திருகு திருகினால் போதும். ஆனால் வாய்வார்த்தை வேண்டாம் என்றவர் அவர்தானே. உட்கார்ந்து நிதானமாக எழுதினேன்: 'கைப்பிடி சுழலவில்லை. உள்ளே ஆள் இருக்கிறார். தயவுசெய்து கவனிக்கவும்.' மடித்துப் பெட்டியில் போட்டேன். தட்டும் சத்தம் நிற்கும்வரை கதவுப் பக்கத்திலேயே இருந்தேன். தனியாக விட்டுப் போக மனசு வரவில்லை.

என்னைக் கொலைகாரன் என்கிறார்கள். நான் தகவல் கொடுத்தேன், ஐயா, முறைப்படி கொடுத்தேன். பெட்டியின் சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.