மலாய் தெரியும் என்று எழுதுங்கள்

பெயர்: ருக்குமணி த/பெ அங்கமுத்து. வயது: அறுபத்திரண்டு. தொழில்: வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. முகவரி: ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி, ஜார்ஜ்டவுன், பினாங்கு. அடையாள அட்டை: சிவப்பு, அதாவது நிரந்தரவாசி. வாக்குமூலம் பதிவு செய்தவர்: சார்ஜன் ஷேக் அலாவுதீன். சொல்லப்பட்ட மொழி: தமிழ்.

நான் மேற்சொன்ன முகவரியில் என் அண்ணன் சுகுமாரனோடு குடியிருக்கிறேன். என் கணவர் இறந்துவிட்டார், எனக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அண்ணி காலமாகிவிட்டார். அண்ணனுக்குக் குடிமக்களுக்கான நீல அட்டையும் எனக்குச் சிவப்பு அட்டையும் எப்படி வந்தது என்று சார்ஜன் கேட்டதால் சொல்கிறேன். அண்ணன் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தார், அங்கேயே பதிந்துவிட்டார்கள். நான் தோட்டத் தொழிலாளர் வீட்டில் பிறந்தேன், அப்பா பதியப் போகவில்லை. ஒரே அப்பா, ஒரே அம்மா. குடியுரிமைக்குப் பலமுறை மனுப் போட்டு, இப்போதுதான் அடுத்த மாதம் நேர்முகத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது.

எனக்கு மலாய் தெரியும். இந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொல்வது என் விருப்பம், ஏனென்றால் நடந்தது நடந்த வரிசையில் எனக்குத் தமிழில்தான் வரும். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளும்படி சார்ஜனிடம் கேட்டுக்கொண்டேன்.

அண்ணனுக்குச் சர்க்கரை நோயால் கண் போய்விட்டது. வெளிச்சமும் ஆள் நிழலும் தெரியும், முகம் தெரியாது, எழுத்துச் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை. ஓட்டுப் போடும் நாளில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறப்போகிறவர் மாதிரி விடியும் முன்னே குளித்து, தேய்த்த சட்டை கேட்பார். நான் பள்ளிக்கூடக் கேட் வரைக்கும் கூடப் போவேன். அவர் உள்ளே போவார், நான் குடையோடு வெளியே நிற்பேன், அவர் மை வைத்த விரலை எனக்குக் காட்டிக்கொண்டு வருவார். எத்தனை தேர்தல் வந்தாலும் என் தேர்தல் அந்தக் கேட்டோடு சரி.

இந்த முறை அண்ணனுக்குத் துணையாக அவருடைய மகள் காமினி உள்ளே போவதாகப் பேச்சு. காமினி புக்கிட் மெர்தாஜாமில் குடியிருக்கிறாள், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை. ஓட்டுப் போடும் நாளான சனிக்கிழமை அவளுக்கு ஷிப்ட் முடியத் தாமதமாகிவிட்டது, அதன் பிறகு பாலத்தில் ஜாம். வந்துகொண்டே இருக்கிறேன் என்று போன் மேல் போன் போட்டாள். நானும் அண்ணனும் கேட்டில் காத்திருந்தோம். வரிசை குறைந்துகொண்டே போனது, காவலுக்கு நின்ற போலீஸ்காரர் மூடப்போகிறார்கள் என்று சொன்னார். அண்ணன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அதன் பிறகு நான் அவரைக் கூட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். என் வாழ்நாளில் ஓட்டுப் போடும் இடத்துக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

வயதானவர்களுக்கான அறை வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே மேசை போட்டு அதிகாரிகளும், ஒரு ஓரமாகக் கட்சிகளின் ஏஜெண்டுகளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏஜெண்டுகளில் ஒருத்தி சாந்தினி. எங்கள் மாடிக்கு இரண்டு மாடி மேலே இருக்கிற பெண். அவள் கைக்குழந்தையாக இருந்தது முதல் பள்ளிக்கூடம் போய்ப் பழகும் வரைக்கும் நான்தான் பார்த்துக்கொண்டேன், என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். என் அட்டை என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியும். குடியுரிமை மனுவை எனக்காகத் தட்டச்சு செய்து கொடுத்ததே அவள்தான்.

மேசையில் இருந்தவர் அண்ணனுடைய பெயரையும் அட்டை எண்ணையும் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார், ஏஜெண்டுகள் தங்கள் தாளில் கோடு போட்டார்கள். அடுத்தவர் அண்ணன் விரலில் மை வைத்தார். கண் தெரியாது என்று நான் சொன்னதும் அறைக்குப் பொறுப்பான அதிகாரி எழுந்து வந்தார். தன்மையான மனிதர். வேண்டுமானால் தானே அடையாளம் போட்டுத் தருவதாகவும், இல்லாவிட்டால் உறவுக்காரர் ஒருவர் போடலாம், ஆனால் அவர் குடிமகனாக இருக்க வேண்டும் என்றும் மலாயில் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு விளங்கியது.

நான் அண்ணன் காதில், "அண்ணே, அவரே போட்டுத் தரட்டும். நல்ல ஆளாத்தான் தெரியறாரு," என்றேன்.

அதற்கு அண்ணன், "இத்தனை வருஷமா பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல லா. இப்ப யாரோ ஆபீசர்கிட்ட சொல்லணுமா? அப்ப வேணாம், வீட்டுக்குப் போவோம்," என்று சொல்லித் திரும்பினார். அவர் விரலில் மை ஈரமாகவே இருந்தது. ஓட்டுச் சீட்டு வாங்காமல், மை மட்டும் வைத்துக்கொண்டு அவர் வெளியே போகப் பார்த்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்போது அதிகாரி என்னைப் பார்த்து, "தங்கையா? வார்காநெகாராவா?" என்று கேட்டார். வார்காநெகாரா என்றால் குடிமகள். நான் "யா", அதாவது ஆமாம், என்றேன். பெயரும் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். வாய் தவறி வந்துவிட்டது என்று பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை. கேள்வி விளங்கித்தான் பதில் சொன்னேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன். சாந்தினி தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், நானும் அவளைப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு அண்ணனும் நானும் மறைப்புக்குள் போனோம். சீட்டில் இருந்த பெயர்களை நான் மெதுவாகப் படித்தேன், அண்ணன் ஒரு பெயரைச் சொன்னார். அந்த ஆள் எனக்குப் பிடித்த ஆள் இல்லை. ஏன் பிடிக்காது என்று சொன்னால் யார் என்று தெரிந்துவிடும், ஆகவே சொல்லவில்லை. சீட்டு என் முன்னால் இருந்தது, பேனா என் கையில் இருந்தது, பக்கத்தில் இருந்தவருக்குக் கண் தெரியாது. நான் எங்கே போட்டாலும் என்னைக் கேட்பார் இல்லை. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரில் தாலி கட்டி, இந்த ஊரிலேயே புருஷனை எரித்தவள், எனக்கும் ஒரு எண்ணம் இருக்காதா என்று தோன்றியது. பேனா கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அண்ணன், "என்ன தங்கச்சி?" என்று கேட்டார். நான், "ஒண்ணுமில்லண்ணே," என்று சொல்லிவிட்டு, அவர் சொன்ன பெயருக்கு நேராகவே அடையாளம் போட்டேன். சீட்டை மடித்து அவர் கையில் கொடுத்தேன். பெட்டியின் வாயை மட்டும் தொட்டுக் காட்டினேன், அவரே போட்டார்.

சீட்டு உள்ளே விழுந்த பிறகுதான் சாந்தினி எழுந்து நின்றாள். அதிகாரியிடம் மலாயில், துணைக்கு வந்தவர் குடிமகள் இல்லை, சிவப்பு அட்டைக்காரர் என்று சொன்னாள். நான் அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தேன். அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. கேட்டில் நின்ற அதே போலீஸ்காரர் என்னை வெளியே கூட்டிப் போனார். அண்ணன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "என்னா ஆச்சு, என்னா ஆச்சு," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காமினி அப்போதுதான் ஓடி வந்தாள்.

மறுநாள் மாலை எங்கள் வீட்டுக்கு ஜெயராஜ் வந்தார். அவர் சாந்தினியின் கட்சியில் கிளைத் தலைவர். என் மனுவுக்காக அலுவலகம் அலுவலகமாக என்னோடு அலைந்தவர், அந்த நன்றி எனக்கு உண்டு. சாந்தினியும் கூட வந்தாள், ஆனால் உள்ளே வராமல் செருப்பு வைக்கும் இடத்திலேயே நின்றாள்.

ஜெயராஜ், "அக்கா, பயப்படாதீங்க. ஸ்டேஷன்ல கூப்பிட்டா எனக்கு மலாய் தெரியாது, அவரு கேட்டது விளங்கல, தங்கச்சியான்னு கேக்கறாருன்னு நெனச்சு யான்னேன், அப்படின்னு சொல்லிடுங்க. கேஸ் நிக்காது," என்றார்.

"அடுத்த மாசம் இன்டர்வியூல மலாய்லதான தம்பி பேசணும்?" என்று கேட்டேன்.

"அது வேற ஆபீஸ் லா, இது வேற ஆபீஸ். இங்க சொன்னது அங்க யாருக்குத் தெரியப்போவுது? கேஸ் ஆச்சுன்னா இன்டர்வியூவே கிடையாது, அத யோசிங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரவெல்லாம் யோசிக்க வேண்டிய பேச்சுத்தான். நீல அட்டைக்காக நான் எத்தனை பேருக்குக் கும்பிடு போட்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் சாந்தினி வாசலிலிருந்து, "பெரியம்மா, என்னைய கேட்டா நானும் உங்களுக்கு மலாய் தெரியாதுன்னே சொல்லிடறேன்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு மலாய் வாசிக்க வந்ததே அவளால்தான். ஒன்றாம் வகுப்பில் அவளுக்கு வாசிப்பு வரவில்லை, அவளை மடியில் வைத்துக்கொண்டு அவள் பாடப் புத்தகத்தை இரண்டு பேருமாக எழுத்துக் கூட்டிப் படித்தோம். அவள் கற்றாள், நானும் கற்றேன். அந்தப் பிள்ளைதான் இப்போது எனக்காகப் போலீஸில் பொய் சொல்லத் தயாராக நின்றாள்.

நான் அவளிடம், "நேத்து எந்திரிச்சு நின்னு சொன்னியே, அது சரியா தப்பா?" என்று கேட்டேன்.

அவள் அழுதுகொண்டே, "சரிதான் பெரியம்மா. ஆனா மாமா ஓட்டு உள்ள விழட்டும்னு பொறுத்தேன்," என்றாள்.

"அப்ப சரியாவே இரு," என்றேன். வீட்டில் இருந்த முறுக்கைக் கட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

ஜெயராஜ் போகும்போது குரலைத் தாழ்த்தி, "நம்ம பக்கந்தானே போட்டீங்க?" என்று கேட்டார். அது அண்ணனுடைய ஓட்டு, அவரையே கேளுங்கள் என்றேன். உள்ளறையிலிருந்து அண்ணன், "சொல்ல மாட்டேன்னு சொல்லு," என்று கத்தினார். இந்த ஸ்டேஷனிலும் அதை யாரும் கேட்கவில்லை, அதற்காக நன்றி. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

இன்று காலை கூப்பிட்டதன் பேரில் நானே பஸ் ஏறி இங்கே வந்தேன். நான் பொய் சொன்னது தப்பு. அண்ணன் ஓட்டை அவர் சொன்னபடி போட்டது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதனால் குடியுரிமை கிடைக்காமல் போனால் இன்னொரு முறை மனுப் போட எனக்கு வயதில்லை. அண்ணனுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தால் சிவப்பு அட்டையோடுதான் போவேன். அது தெரிந்துதான் பேசுகிறேன்.

நான் சொல்லி முடித்த பிறகு சார்ஜன் இதை மலாயிலும் தட்டச்சு செய்தார். அதன் கடைசியில், இவருக்கு மலாய் தெரியாததால் தமிழில் விளக்கிச் சொல்லப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். சார்ஜன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, இது நாங்க எல்லாருக்கும் போடற வரிதான். இருந்துட்டுப் போவட்டும். உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார். அவர் மனசு எனக்கு விளங்கியது. இருந்தாலும் அடிக்கச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, அப்படியானால் மலாய்ப் பிரதியை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், வாசித்தால் அடிக்கிறேன் என்றார். இடையில் ஒரு வார்த்தை தட்டினால்கூடப் போதும், வரி இருக்கட்டும் என்று விட்டுவிடலாம் என்று அவர் பார்த்திருக்கலாம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் முதலிலிருந்து சத்தமாக வாசித்தேன். "சாயா புக்கான் வார்காநெகாரா" என்ற இடம் வந்தது. நான் குடிமகள் அல்ல என்று அர்த்தம். அதையும் தட்டாமல், தடுமாறாமல் வாசித்தேன். சார்ஜன் அந்தக் கடைசி வரியை அடித்து, ஓரத்தில் தம் கையெழுத்தை வைத்தார். பக்கத்தில் நானும் வைத்தேன்.

மேலே கண்டவை யாவும் நான் சொன்னவை, உண்மையானவை. இவற்றை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. இரண்டு மொழியிலும் நானே வாசித்து, விளங்கிக்கொண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
ருக்குமணி த/பெ அங்கமுத்து